பற்றாசும் புவிக்கம்பியும்

மின்கிற்றாரின் ஒலிக்குமிழிலே புவிக்கம்பி பற்றவைப்பது எப்படி என்பது பற்றித் தமிழ்ப் பண்டிதன் ஒருவன் எழுதலாமா? எழுதலாகாது என்பார் சிலர். இலக்கணமும் இலக்கியமும் கற்பிப்பவனுக்கு ஈயமும் கம்பியும் எதற்கு என்று கேட்பார் வேறு சிலர். அவர்கள் முன்னே ஒரு பழம் புலவரைச் சாட்சியாக நிறுத்த விரும்புகின்றேன்.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பொருநராற்றுப்படை முடத்தாமக்கண்ணியார் பாடியது. கரிகாற் பெருவளத்தானைப் பாட வந்தவர், அவன் புகழுக்குப் போகுமுன் பொருநன் கையிலிருந்த யாழைப் பார்க்கிறார். மேலெழுந்தவாரியாகப் பார்க்கவில்லை. பத்தல், போர்வை, வறுவாய், மருப்பு, திவவு என்று உறுப்புறுப்பாகப் பார்க்கிறார். பத்தலின் வடிவுக்குக் குளம்பு பதிந்த சுவட்டை உவமை சொல்கிறார். துளையை மூடி நிற்கும் சிறிய ஆணியைக்கூட விடவில்லை. அதற்கு வளையில் வாழும் நண்டின் கண் உவமையாகிறது. ஆணி இசை தருவதில்லை. ஆனால் ஆணியில்லாமல் யாழ் இல்லை. இதை அறிந்தவர் அப்புலவர்.

யாழ் மறைந்துபோயிற்று. பல நூற்றாண்டுகள் கழித்து விபுலாநந்த அடிகள் அதனை ஆராய்ந்து யாழ் நூலை இயற்றினார். அது 1947இல் வெளிவந்தது. அடிகள் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர், விஞ்ஞானப் பட்டதாரியுமாவார். அவருக்குக் கைகொடுத்த சான்றுகளுள், ஆணியைப் பார்த்தெழுதிய இத்தகைய புலவர்களின் வரிகளும் அடங்கும். கைத்தொழிலின் நுட்பத்தை மொழியிலே எழுதி வைப்பது புலவன் தொழிலுக்குப் புறம்பானதன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா? ஆகவே கம்பிக்கு வருகின்றேன்.

மின்கிற்றார் அமெரிக்க நாட்டிலே பிறந்தது. ஜோர்ஜ் பீச்சம் என்பவர் காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டு நரம்பின் அதிர்வை மின்னாக மாற்றும் கருவியை 1930களின் தொடக்கத்திலே அமைத்தார். அலுமினியத்தால் வார்த்த அவருடைய முதற் கிற்றாருக்குப் பொரிசட்டி என்று பட்டப்பெயர் வந்தது. அதற்கான உரிமைப்பத்திரம் 1937இற் கிடைத்தது. பின்னர்க் கலிபோர்னியாவிலே வானொலி திருத்தும் கடை வைத்திருந்த லியோ பெண்டர், 1950ஐ ஒட்டிய ஆண்டுகளிலே, குடமில்லாத கட்டைமரத்தாற் செய்த மின்கிற்றாரைப் பெருந்தொகையாகச் செய்து விற்கத் தொடங்கினார். அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. கிப்சன் என்னும் நிறுவனம் 1952இலே லெஸ் போல் என்னும் பெயரால் ஒரு கிற்றாரை வெளியிட்டது. இன்று உலகெங்கும், நம் நாட்டுத் திருவிழா இசைக்குழுக்களிலும் தேவாலயப் பாடற்குழுக்களிலும், வாசிக்கப்படும் மின்கிற்றார்களிற் பெரும்பாலானவை இவற்றின் வழிவந்தவையே.

இக்கருவியின் உள்ளமைப்பு எளிது. நரம்புகள் உருக்கினாலானவை. அவற்றின் கீழே காந்தங்கள் இருக்கின்றன. காந்தங்களைச் சுற்றித் தலைமயிரினும் மெல்லிய செப்புக்கம்பி பல்லாயிரம் சுற்றாகச் சுற்றப்பட்டிருக்கும். நரம்பு அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. சுருளிலே சிறியதொரு மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அவ்வோட்டம் ஒலிக்குமிழ் வழியாக வடத்தினூடே சென்று, அம்பிளிபயர் என்று கடைத்தெருவில் வழங்கும் விரியலாக்கியை அடைகிறது. அங்கே பெருகி ஒலியாகிறது.

நரம்பின் அசைவைப் பிடிக்கும் சுருள் வேண்டாதவற்றையும் பிடிக்கும். வீட்டு மின்சாரம் ஆடலோட்டம். அதன் மீடிறன் நம் நாட்டிலே செக்கனுக்கு 50, அமெரிக்காவிலே 60. சுவரிலே ஓடும் கம்பியும், குழாய் விளக்கும், விரியலாக்கியின் மின்மாற்றியும் இவ்வாட்டத்தைச் சுற்றுப்புறத்திற் பரப்பிய வண்ணம் இருக்கின்றன. கிற்றாரிலே அது வண்டின் முரற்சி போன்ற இரைச்சலாகக் கேட்கும்.

இவ்விரைச்சல் இருவகைப்படும். ஒன்று காந்தப்புலத்தால் வருவது. மற்றது மின்புலத்தால் வருவது. முன்னதைக் கம்பி பற்றவைத்துத் தீர்க்க முடியாது. அதற்குச் செத் லவர் என்பவர் கிப்சன் நிறுவனத்திலே ஒரு வழி கண்டார். எதிரெதிராய் அமைந்த இரண்டு சுருள்களை இணைத்தால், நரம்பின் ஒலி கூடும். இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும். 1955இலே அவர் விண்ணப்பித்த உரிமைப்பத்திரம் 1959இற் கிடைத்தது. மின்புலத்தால் வரும் இரைச்சலுக்கோ கவசம் வேண்டும். உலோகக் கூட்டினாலே மூடி, அக்கூட்டை வடத்தின் வெளியுறையோடு இணைத்துவிட்டால் அவ்விரைச்சல் உள்ளே புகாது. நம் கம்பி இங்கேதான் வருகிறது.

ஒலிக்குமிழின் அடியிலே இருப்பது ஒரு மாறுந் தடை. கடைக்காரர் அதைப் பொட் என்பர். ஒற்றைச் சுருட் கிற்றாரிலே பெரும்பாலும் 250,000 ஓமும், இரட்டைச் சுருட் கிற்றாரிலே பெரும்பாலும் 500,000 ஓமும் அதன் தடையாக இருக்கும். அதற்கு மூன்று கால்கள் உண்டு. சுருளிலிருந்து வரும் கம்பி ஓர் ஓரக்காலிலே சேரும். ஜாக் என்று வழங்கும் செருகுவாய்க்குப் போகும் கம்பி நடுக்காலிலே சேரும். எஞ்சிய ஓரக்காலைப் பின்னே வளைத்து, குமிழின் உலோகக்கூட்டின் முதுகோடு சேர்த்துப் பற்றவைப்பார்கள். சுருளின் மறுமுனையும், செருகுவாயின் வெளிவளையமும், நரம்புகளைத் தாங்கும் பாலத்திலிருந்து வரும் கம்பியும் அதே முதுகிலே வந்து சேரும். ஆக, ஒரு காசளவான உலோக முதுகு பல கம்பிகளுக்குச் சந்தியாகிறது.

மூன்றாங்காலின் பற்று விட்டுப்போனால் என்னாகும்? குமிழை எவ்வளவு திருகினாலும் ஓசை முற்றாக அடங்காது. சற்றுக் குறையும், சற்று மங்கும், அவ்வளவே. செருகுவாய்க்குப் போகும் கம்பி விட்டுப்போனால் பாட்டு மறைந்து இரைச்சல் மட்டும் எழும். பாலத்துக்கம்பி விட்டுப்போனாற் பாட்டு கேட்கும். ஆயினும் நரம்பைத் தொட்டவுடன் அடங்கவேண்டிய இரைச்சல் அடங்காது. இம்மூன்று குறிகளையும் அறிந்தவன் கிற்றாரைத் திறக்குமுன்பே நோயின் இடத்தைச் சொல்லிவிடுவான். நோய்நாடி நோய்முதல் நாடுவது வைத்தியனுக்கு மட்டும் உரியதன்று.

இனித் தொழிலுக்கு வருவோம். பற்றவைக்கும் உலோகத்துக்குத் தமிழிலே பற்றாசு என்று பெயர். இப்பெயர் அகராதியிலே கிடந்து உறங்குவதன்று. யாப்பிலக்கணம் கற்ற ஒவ்வொருவரும் அறிந்தது. இரண்டு குறள்வெண்பாக்களை ஒரு நேரிசை வெண்பாவாக இணைக்கும்போது ஓசை ஒட்டாவிடின், முதற் குறளின் இறுதியிலே ஓரசையோ ஈரசையோ கூட்டி, பின்னர்த் தனிச்சொல்லை வைப்பர். அவ்வாறு கூட்டும் அசைக்கு ஆசு என்று பெயர். உலோகத்தை இணைக்கும் பற்றாசு போன்றது என்பதனால் வந்த பெயர் அது. ஆசிடை நேரிசை வெண்பாவைக் கரும்பலகையில் எழுதிக் காட்டும் தமிழாசிரியன், பற்றாசைக் கண்ணால் ஒருமுறையாவது கண்டிருத்தல் நன்று. உவமேயம் தெரியும், உவமானம் தெரியாது என்பது கற்பிப்பவனுக்கு அழகன்று.

கிற்றாருக்கு உகந்த பற்றாசு வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. நூறு பங்கில் 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்தால் அது 183 பாகை செல்சியசிலே ஒரேயடியாக உருகி ஒரேயடியாக உறையும். 60க்கு 40 என்னும் கலவையும் ஏறத்தாழ அவ்வாறே. காரீயம் நஞ்சு என்பதால் ஐரோப்பிய நாடுகள் 2006ஆம் ஆண்டு முதல் விற்பனைக்குரிய பெரும்பாலான மின்கருவிகளில் அதனைத் தவிர்த்தன. காரீயம் இல்லாத கலவை உருகுவதற்கு அதனினும் கூடிய வெப்பம் வேண்டும். காரீயப் பற்றாசைக் கையாண்டவர் உண்ணுமுன் கை கழுவவேண்டும், புகையை முகரலாகாது.

குமிழின் முதுகிலே பற்றவைப்பது புதியவனுக்கு எப்போதும் தொல்லை தருவது. காரணம் எளிது. மெல்லிய கம்பியும் சிறிய காலும் விரைவிலே சூடேறும். முதுகோ அகன்ற உலோகத்தகடு. சூட்டை வாங்கிப் பரப்பிவிடும். சிறுமுனைக் கோலை வைத்தாற் கோலின் சூடு தகட்டிலே கரைந்துபோகும்; பற்றாசு உருகிக் கம்பியிலே ஒட்டும், தகட்டிலே ஒட்டாது. பார்வைக்குத் திரண்ட மணிபோல் இருக்கும். விரலால் நெம்பினாற் கழன்றுவரும். சூடேறவில்லையே என்று நெடுநேரம் கோலை அழுத்தி வைத்திருந்தால், உள்ளே இருக்கும் கரித்தடம் கெடும். குமிழ் திருகுந்தோறும் கரகரக்கும்.

செய்யவேண்டியது இது. முதலிலே முதுகின் ஓரிடத்தை அரத்தாலோ மண்தாளாலோ சுரண்டி உலோகம் பளிச்சிடச் செய்யவேண்டும். அகன்ற முனையுள்ள, 40 முதல் 60 உவாற்று வலுவுள்ள கோலை நன்றாகக் காயவிட வேண்டும். பின்பு, கம்பியை வைக்குமுன், அவ்விடத்திலே பற்றாசை மெல்லியதாகப் பரவவிட வேண்டும். கம்பியின் முனைக்கும் அவ்வாறே செய்யவேண்டும். இப்போது இரண்டையும் சேர்த்துக் கோலை வைத்தால் இரண்டு மூன்று செக்கனிலே பற்றாசு நீர்போல் ஓடி இரண்டையும் தழுவும். கோலை எடுத்தபின் உறையும் வரை கம்பி அசையலாகாது. அசைந்தாற் பற்று வெளிறிச் சொரசொரக்கும். முடிவிலே அளவுகருவியின் ஒரு முனையை முதுகிலும் மறுமுனையைச் செருகுவாயின் வெளிவளையத்திலும் வைத்துப் பார்க்கவேண்டும். தடை சூனியத்தை ஒட்டி இருந்தால் வேலை முடிந்தது.

இத்தொழிலைச் சொல்லத் தமிழிற் சொல்லில்லை என்பார் உளர். இதைவிடப் பிழையான கூற்று வேறில்லை. கம்பியை வைக்குமுன் உலோகத்திலே பற்றாசைப் பரப்புகிறோமே, அது வேறொன்றுமன்று. பித்தளைப் பாத்திரத்துக்கு நம் தெருக்களிலே செய்துவந்த ஈயம் பூசுதல்தான். அவர்கள் நவச்சாரம் இட்டுத் துடைத்தார்கள். பொற்கொல்லர் பொன்னை ஒட்டும்போது வெங்காரம் இட்டார்கள். உலோகத்தின் மேலுள்ள மாசை நீக்கிப் பற்றாசு ஓட வழிசெய்வது இவற்றின் தொழில். மின்வேலையிலே அதே தொழிலை மரப்பிசின் செய்கிறது; பற்றாசுக் கம்பியின் உள்ளேயே அது அடைக்கப்பட்டிருக்கும். தொழில் ஒன்றே, பொருள் வேறு. பொடிவைத்து ஊதுவது பொற்கொல்லர் வழக்கு. பொடிவைத்துப் பேசுவது நம் வழக்கு. பட்டறையிலிருந்து நாம் பேச்சை எடுத்துக்கொண்டோம். தொழிலின் சொற்களைப் பட்டறையிலேயே விட்டுவிட்டோம்.

இதுவரை சொன்னது முன்னுரை. நான் எழுத வந்த காரணம் வேறு. ஏர்த் என்னும் ஒரு சொல்லே அக்காரணம்.

எங்கள் நகரத்திலே வானொலியும் ஒலிபெருக்கியும் திருத்தும் கடையொன்றுக்கு நான் சில வேளை செல்வதுண்டு. கடைக்காரர் என்னிடம் தமிழ் கற்றவர். ஒரு நாள் அங்கே ஓர் இளைஞர் தம் கிற்றாரின் குமிழிலே தாமே கம்பி பற்றவைத்துக் கொண்டுவந்து காட்டினார். பற்று நன்றாயிருந்தது. கடைக்காரர் அவருடைய விரியலாக்கியையும் பார்த்தார். அதன் மூன்று முள் செருகியிலே ஒரு முள் முறிந்திருந்தது. அதைச் சுட்டியபோது இளைஞர் சொன்ன மறுமொழி: "அது பரவாயில்லை அண்ணை, கிற்றாருக்குத்தான் ஏர்த் குடுத்திட்டனே!"

அவ்விளைஞர் அறிவிலி அல்லர், கைத்திறன் உடையவர். அவரை ஏமாற்றியது சொல். ஆங்கிலேயர் ஏர்த் என்றனர். அமெரிக்கர் கிரவுண்ட் என்றனர். இரண்டும் மண்ணையே குறிப்பன. ஒரு சொல்லினால் அவர்கள் மூன்று வேறு தொழில்களைச் சுட்டுகிறார்கள். சுருளிலிருந்து புறப்பட்ட மின்னோட்டம் சுற்றை முடித்துத் திரும்பும் வழி ஒன்று. இரைச்சலைத் தடுக்கும் உலோகக் கவசம் மற்றொன்று. பழுதுபட்ட கருவியிலே பாயும் மின்சாரத்தை மனித உடலிற் செல்லவிடாது மண்ணுக்குக் கொண்டுசெல்லும் காப்பு மூன்றாவது. பொறியியலாளர் வரைபடத்திலே இவற்றை வேறு வேறு குறியால் வரைகிறார்கள். வாயாற் சொல்லும்போதோ ஒரே சொல்.

குமிழின் முதுகிலே நாம் பற்றவைத்த கம்பி முதலிரண்டு தொழில்களையும் செய்கிறது. மூன்றாவது தொழிலை அது தானாகச் செய்யாது. அக்கம்பி மண்ணைத் தொடுவதில்லை. அது வடத்தின் உறை வழியாக விரியலாக்கியின் உலோகச்சட்டத்தைத் தொடுகிறது. சட்டம் மூன்றாவது முள் வழியாக மண்ணைத் தொட்டால்தான் கம்பியும் மண்ணைத் தொடும். முள் முறிந்தால் வழியும் முறிந்தது.

அதற்கு மேலும் ஒன்று உண்டு. வாசிப்பவனின் விரல்கள் நரம்பிலே இருக்கின்றன. நரம்பு பாலத்தோடும், பாலம் குமிழின் முதுகோடும், முதுகு விரியலாக்கியின் சட்டத்தோடும் இணைந்திருக்கின்றன. பற்று எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, அவ்வளவு உறுதியாக அவன் சட்டத்தோடு கட்டப்பட்டிருக்கிறான். காப்பில்லாத விரியலாக்கியிலே பழுது நேர்ந்து சட்டத்திலே உயிர்மின் ஏறினால் அது நரம்புக்கு வரும். அவன் உதடு ஒலிவாங்கியைத் தொட்டால் மின் கைவழி புகுந்து வாய்வழி வெளியேறும். இடையிலே இருதயம் இருக்கிறது. விரியலாக்கி சரியாயிருந்து ஒலிவாங்கி பழுதுபட்டாலும் அதே கதிதான். வழி மட்டும் எதிராகும். மூன்றாவது முள் இல்லாதவிடத்து நன்றாகப் பற்றவைத்த கம்பி காப்பன்று. ஆபத்துக்குச் செப்பனிட்ட பாதை.

இது கற்பனையன்று. 1965 டிசெம்பரிலே அமெரிக்காவின் சக்கிரமெந்தோ நகரிலே, கீத் றிச்சட்சின் கிற்றார் ஒலிவாங்கியிலே பட்டபோது மின் தாக்கி அவர் மேடையிலே வீழ்ந்தார், உயிர் தப்பினார். 1972 மே 3ஆம் நாள், பிரித்தானியாவின் சுவான்சி நகரிலே, லெஸ்லி ஹார்வி என்னும் கிற்றார்க்கலைஞர் காப்பில்லாத ஒலிவாங்கியைத் தொட்டு மேடையிலேயே மாண்டார். அவருக்கு வயது 27. யாட்பேட்ஸ் குழுவிலே பாடிப் புகழ்பெற்ற கீத் றெல்வ் 1976இலே, தம் வீட்டிலே, சரியான காப்பில்லாத மின்கிற்றாரை வாசித்தபோது மின் தாக்கி இறந்தார். அவர்கள் புகழ்பெற்றவர்கள், ஆதலால் அவர்கள் பெயர் எழுதப்பட்டது.

நம் நாட்டிலே வீட்டு மின்சாரம் 230 வோற்று. அமெரிக்காவிலே இருப்பதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. இருமுள் செருகியை நுழைப்பதற்காகச் சுவர்ச் செருகுவாயின் மேற்றுளையிலே குச்சியையோ பேனையையோ குத்தித் திறக்கும் வழக்கம் நம் வீடுகளிலும் மண்டபங்களிலும் உண்டு. அம்மேற்றுளைதான் மண்ணுக்குச் செல்லும் வழி. அது குச்சி குத்துவதற்கென்று வைத்த துளை என்று எண்ணி வளரும் பிள்ளைக்கு, அதன் தொழிலை எந்தச் சொல்லாற் சொல்லப்போகிறோம்?

என் கருத்து இதுதான். புவிக்கம்பி என்னும் சொல்லை மூன்றாவது தொழிலுக்கு மட்டும் உரியதாக்குவோம். மண்ணைத் தொடும் காப்புக்கம்பியே புவிக்கம்பி. குமிழின் முதுகிலே பற்றவைக்கும் கம்பியை மீள்கம்பி என்போம். மின் அதன் வழியே மீளுகிறது ஆதலின். இரைச்சலைத் தடுக்கும் கூட்டையும் உறையையும் கவசம் என்போம். இக்கட்டுரையின் தலைப்பிலும் முதல் வரியிலும் நான் வழக்கை ஒட்டிப் புவிக்கம்பி என்றே எழுதினேன். இனி அதை மீள்கம்பி என்றே எழுதுவேன். "கிற்றாரின் மீள்கம்பியைப் பற்றவைத்துவிட்டேன்" என்று சொல்லும் இளைஞனுக்கு, புவிக்கம்பி இன்னும் பார்க்கப்படவில்லை என்பது சொல்லிலேயே தெரியும்.

இதற்கு மூன்று தடைகள் எழலாம். முதலாவது: ஒரே கம்பி மீள்வழியாகவும் கவசத்தின் இணைப்பாகவும் இருக்கும்போது இரண்டு பெயர் எதற்கு? ஐந்தாம் வேற்றுமையின் இன் உருபு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்னும் நான்கு பொருளிலும் வருகிறது. உருபு ஒன்றென்பதற்காக நாம் பொருளை ஒன்றாக்கிவிடுவதில்லை. மாணவனை நிறுத்தி, இங்கே என்ன பொருள் என்று கேட்கிறோம். கம்பிக்கும் அக்கேள்வி பொருந்தும்.

இரண்டாவது தடை: பட்டறையிலே எல்லாரும் ஏர்த் என்றே சொல்கிறார்கள், பண்டிதர் ஆக்கும் சொல் பண்டிதரோடு போய்விடும். போகட்டும் என்று விடுவதற்கில்லை. ஆக்கிய சொல் நிலைத்ததற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. விஞ்ஞானத்தைத் தாய்மொழியிற் கற்பிக்கத் தொடங்கிய காலத்திலே நம் கலைச்சொல்லாக்க அறிஞர்கள் வீட்டு மின்சுற்றின் கம்பிகளுக்கு உயிர்க்கம்பி, நொதுமற்கம்பி, புவிக்கம்பி என்று பெயரிட்டார்கள். நொதுமல் என்பது அகப்பாட்டுச் சொல். உறவும் பகையும் இல்லாத அயலாரை நொதுமலர் என்றனர் சங்கப்புலவர். அதை எடுத்து மின்கம்பிக்குச் சூட்டியவர் யாவராயினும் அவர் தமிழும் அறிந்தவர், மின்னும் அறிந்தவர். இன்று நம் மாணவர் அச்சொல்லைத் தடங்கலின்றி எழுதுகிறார்கள். அதற்கும் முன்னே, 19ஆம் நூற்றாண்டிலே, மானிப்பாயிலிருந்த கிறீன் வைத்தியர் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார். தமிழிலே நூல்களும் ஆக்குவித்தார். சொல் நிலைப்பது அதை ஆக்கியவரின் பட்டத்தாலன்று. கற்பிப்பவர் அதனை நாளும் ஆளுவதாலே.

மூன்றாவது தடை: உயிரைக் காப்பது ரிப் சுவிச்சு, சொல் அன்று. நன்று. 30 மில்லியம்பியர் கசிந்தாலே மின்னைத் துண்டிக்கும் அப்பொறி ஒவ்வொரு மண்டபத்திலும் இருக்கவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதைப் பொருத்தவேண்டும் என்று கேட்பவன் யார்? மேடையேறுமுன் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பவன் யார்? கிற்றாருக்கு ஏர்த் கொடுத்தாயிற்று என்று நிம்மதியடைந்தவன் கேட்கமாட்டான், பார்க்கவும் மாட்டான். பொறி சுவரிலே இருக்கலாம். அதைத் தேட வைப்பது அறிவு. அறிவு சொல்லிலே தங்குகிறது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆண்டுதோறும் மாணவரைக் கட்டுரை எழுதச் சொல்கிறோம். மழைக்காலம், நான் ஒரு மயிலானால், என் ஊர்த் திருவிழா. இவை வேண்டாமென்று சொல்லவில்லை. ஆண்டுக்கு ஒருமுறையாவது, தாம் கையாற் செய்யும் தொழிலொன்றை, அதை அறியாத ஒருவர் படித்துப் பிழையின்றிச் செய்யத்தக்கவாறு எழுதச் சொல்லுவோம். சைக்கிள் குழாய்க்கு ஒட்டுப் போடுவதாகலாம், வலை பின்னுவதாகலாம், குமிழிலே மீள்கம்பி பற்றவைப்பதாகலாம். மயிலைப் பற்றி எழுதுகையில் ஒரு சொல் பிறழ்ந்தாற் கட்டுரையின் அழகு குன்றும். கம்பியைப் பற்றி எழுதுகையில் ஒரு சொல் பிறழ்ந்தாற் படித்தவன் கை சுடும். சொல்லை நிறுத்துப் போடும் பயிற்சிக்கு இதனினும் நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. நான் பணியாற்றும் பிராசீனக் கல்லூரியிலே பாலபண்டித வகுப்புக்கு இப்பயிற்சியைக் கொடுத்துவருகின்றேன். முடத்தாமக்கண்ணியாரின் யாழ்ப்பகுதியைக் கற்பித்தபின் கொடுப்பேன். ஆணிக்கு உவமை தேடிய புலவரின் கண் எத்தகையது என்பது அதன் பின்னரே மாணவருக்குப் புலப்படுகிறது.

கிற்றார் வாசிக்கும் இளைஞர்களுக்கும் ஒன்று. நீங்கள் குமிழைத் திறந்து பற்றவைப்பது நல்ல காரியம், அஞ்சவேண்டா. சுரண்டி, ஈயம் பூசி, பெருமுனைக் கோலால் விரைந்து செய்யுங்கள். வடத்தைக் கழற்றிவிட்டே செய்யுங்கள். அதன்பின், கிற்றாரைத் தோளில் மாட்டுமுன், விரியலாக்கியின் செருகியைக் கையில் எடுத்து முட்களை எண்ணுங்கள். மூன்று இருக்கவேண்டும். இருந்தாலும் போதாது. மூன்றாவது முள்ளிலிருந்து சட்டம் வரை தொடர்ச்சி உண்டா என்று, குமிழைப் பார்த்த அதே அளவுகருவியால், செருகியைச் சுவரிலே செருகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். சுவருக்குள்ளே இருக்கும் புவித்தொடுப்பை மின்பணியாளரைக் கொண்டு பார்ப்பியுங்கள்.